முதல் ரீஃப் டேங்க்குக்கு வேகமாக வளரும் சாஃப்ட் கோரல்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

புதிதாக மரைன் டேங்க் (கடல் நீர் மீன் தொட்டி) போட்டவர்கள் கோரல், அதாவது பவளம், வாங்கப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி, "இது ஈஸியா வளருமா?" சாஃப்ட் கோரல் என்றால் பதில் பெரும்பாலும் "வளரும்" என்பதுதான். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: வளர்ந்த பிறகு வேண்டாம் என்றால் பாறையிலிருந்து இதைப் பிரித்து எடுக்க முடியுமா? சில வகைகளை எடுக்கலாம், சிலவற்றை முழுசாக எடுக்கவே முடியாது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, எடுக்க முடியாததைப் பெரிய பாறையில் ஒட்டாமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

80 முதல் 150 லிட்டர் வரை உள்ள டேங்க்கை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு க்ளவுன்ஃபிஷ், கொஞ்சம் நத்தை, ஒரு ரீஃப் எல்இடி, ஒன்றோ இரண்டோ வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் பம்ப்). கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சாஃப்ட் கோரலுக்கு ஓடும்.

ஏன் சாஃப்ட் கோரல்? கடினப் பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் கல்லாகக் கட்டிக்கொண்டே இருக்கும், நாம் தினமும் அதை ஈடுகட்ட வேண்டும். சாஃப்ட் கோரல் அப்படிக் கட்டுவதில்லை. உடம்புக்குள் ஸ்க்ளீரைட் என்ற பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் இருக்கும். அதனால் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே அதற்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். சாப்பாட்டில் பெரும் பகுதி அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியிடமிருந்து வருகிறது, வெளிச்சம் கிடைத்தால் பாசி சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். உண்மையான சாஃப்ட் கோரலில் ஒவ்வொரு பாலிப்புக்கும் (பூ மாதிரி விரியும் சின்ன உயிருக்கு) 8 கைகள் இருக்கும், எண்ணிப் பார்த்தால் தெரியும். மஷ்ரூம் என்ற வட்டக் கோரலும், ஸோவா என்ற பொத்தான் மாதிரிப் பாலிப் கூட்டமும் அந்தக் குடும்பமே இல்லை, ஆனால் வளர்ப்பு முறை ஒன்றாக இருப்பதால் இந்தப் பொழுதுபோக்கில் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறோம்.

தண்ணீர் தயாரா என்று முதலில் பாருங்கள்

டேங்க் சைக்கிள், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வளரும் கட்டம், முடிந்திருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு வந்து நைட்ரேட் மட்டும் தெரிய வேண்டும், இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அப்புறம் மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறத்தில் டயட்டம் என்ற நுண்பாசி படியும். அது வந்து தானாகப் போகும் வரை இன்னும் கொஞ்சம் பொறுங்கள். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தியில் 1.026 பக்கம். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை வெறும் ஆர்ஓ தண்ணீரில் 0 வைத்துச் சரிபார்ப்பதைவிட 35 பிபிடி கரைசலில் சரிபார்ப்பதுதான் நம்பகமானது, நாம் அளக்கப்போகும் இடம் அதுதானே. வெப்பநிலை 25, 26 டிகிரி. ஆல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் அளவு) 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1300 பக்கம்.

நைட்ரேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் டேங்க்கில் பழகியவர்கள் அதை 0-வில் வைப்பதுதான் சுத்தம் என்று நினைக்கிறார்கள். சாஃப்ட் கோரலுக்கு அது பட்டினி. நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் தாராளமாக வளரும். இரண்டும் 0 காட்டும் டேங்க்கில் ஸீனியா (கீழே வரும் ஒரு சாஃப்ட் கோரல்) சுருங்கும், மஷ்ரூம் வெளிறும், போதாததற்கு பாறையில் பழுப்பு நிறச் சளியாக டைனோஃப்ளாஜெல்லேட் வந்து உட்காரும். மீனுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுங்கள், அது போதும். டெஸ்ட் கிட்டில் அளக்க முடியாத எதையும், அயோடின் உட்பட, பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை நம் ஊர் போர் தண்ணீரை நேராகப் பயன்படுத்தும் பேச்சே வேண்டாம். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ மெஷினும் அப்படியே போதாது, குடிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்று பல மெஷின்களில் கொஞ்சம் வெளித் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 50, 80 என்று காட்டும். அந்தக் கலப்பை மூடிவிட்டு, பின்னால், மிஞ்சிய உப்புகளையும் எடுக்கும் ஒரு டிஐ ரெசின் குப்பி மாட்டி 0 வரும் தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். அதேபோல யாரிடமாவது பழைய டேங்க் வாங்கினால், அதில் மீனுக்கு காப்பர் மருந்து ஊற்றினார்களா என்று கேட்டுவிடுங்கள். காப்பர் கோரலுக்கும் இறாலுக்கும் விஷம்.

சென்னை, மதுரை மாதிரி ஊரில் ஏப்ரல், மே வந்தால் ஏசி இல்லாத அறையில் டேங்க் சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டிவிடும். அது நாள் கணக்கில் நீடித்தால் கோரல் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் ஆவியாகி சில டிகிரி குறையும், ஆனால் கடலோரப் புழுக்கத்தில் ஆவியாவதே குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏசியோ வேண்டும். ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டரில் முதலில் வேவ்மேக்கரை மாட்டுங்கள், லைட்டை அல்ல. வெளிச்சம் ஒரு நாள் இல்லாவிட்டால் கோரலுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் அசையாமல் சில மணி நேரம் நின்றால், அதுவும் வெயில் காலத்தில், ஆக்ஸிஜன் இறங்கி மீன் முதலில் போகும்.

சரி, கோரலுக்கு வருவோம்.

மஷ்ரூம்: முதலில் இதை வாங்குங்கள்

டிஸ்கோசோமா வகை மஷ்ரூம் சிவப்பு, நீலம், பச்சை, புள்ளி போட்டது எனக் கிடைக்கும். வெளிச்சம் குறைவாக, நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். பார் மீட்டர் (கோரலுக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) இருந்தால் 50-ஐ ஒட்டிய இடத்தில் வைக்கலாம். மீட்டர் இல்லாவிட்டால் டேங்க்கின் அடிப் பகுதியில், பாறையின் நிழலோரம். வெளிச்சம் அதிகமானால் ஓரம் சுருண்டு சின்னதாகும், குறைந்தால் வெளிச்சத்தைப் பார்த்து நீண்டு எழும்பும், அதைப் பார்த்தே இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இதைப் பசை போட்டு ஒட்ட முடியாது, உடம்பு முழுக்க வழுவழுப்பு, ஒட்டிய பசையோடு தோலை விட்டுவிட்டு மிதந்து போய்விடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாறைச் சில்லுகளைப் போட்டு, அதன் மேல் மஷ்ரூமை வைத்து, கொசுவலைத் துண்டால் வாயை மூடி ரப்பர் பேண்ட் போட்டு, ஓட்டமில்லாத மூலையில் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அதுவாக ஒரு சில்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் ஒட்ட வேண்டியது அந்தச் சில்லைத்தான்.

அது பெருகும் விதம் அருகில் பார்க்க வேண்டிய ஒன்று. பாறையில் மெல்ல நகரும்போது பாதத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கை விட்டுவிட்டுப் போகும். சில வாரங்களில் அந்த இடத்தில் மிளகு அளவில் ஒரு வட்டம் தெரியும், நடுவில் வாய் திறக்கும், அப்புறம் நிறம் ஏறும். இப்படி ஒன்று பலவாகும். பெருகினாலும் அடுத்த கோரலை அடியோடு மூடிவிடும் வேகம் இல்லை என்பதால், பெரிய பாறையிலேயே இடம் கொடுக்கலாம் என்று நான் சொல்லும் வகை இது ஒன்றுதான். யானைக் காது என்று விற்கும் பெரிய மஷ்ரூம்களை மட்டும் தவிருங்கள். அவற்றில் சில, ஓரத்தைப் பந்தாகச் சுருட்டி உள்ளே வந்த சின்ன மீனை விழுங்கும்.

ஜிஎஸ்பி: தனித் தீவு கொடுங்கள்

க்ரீன் ஸ்டார் பாலிப், எல்லோரும் ஜிஎஸ்பி என்று சொல்வது. ஊதா நிறத்தில் ஒரு தோல், அதிலிருந்து பளீரென்ற பச்சையில் நூற்றுக்கணக்கான பாலிப். நீரோட்டத்தில் அது ஆடும்போது டேங்க்குக்கே உயிர் வந்துவிடும், புதியவர்கள் முதலில் ஆசைப்படுவதும் இதற்குத்தான், அதில் தப்பே இல்லை. வெளிச்சம் நடுத்தரமாக, ஓட்டம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலாக இருந்தால் சாவது அபூர்வம். ஓட்டம் குறைந்தால் மீன் கழிவு தோலின் மேல் படிந்து, அங்கே பாசி முளைத்து, அந்தப் பகுதி திறக்காமல் கிடக்கும்.

ஆனால் அருகம்புல் மாதிரி இது. பாறையில் ஏறிவிட்டால் துளைக்குத் துளை புகுந்து படரும், மேலே இருப்பதை உரித்து எடுத்தாலும் துளைக்குள் இருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி கிளம்பும், வழியில் நிற்கும் வேறு கோரலின் மேலேயே ஏறிவிடும். அதனால் மணல் நடுவில், எந்தப் பாறையையும் தொடாமல், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தனியாக ஒரு கல் வைத்து அதில் ஒட்டுங்கள். மணலை அது எளிதில் தாண்டாது, தாண்டப் பார்க்கும் நுனியைக் கத்தரித்துவிடலாம். இன்னொரு நல்ல வழி டேங்க்கின் பின் கண்ணாடி. சயனோஅக்ரிலேட் ஜெல் பசை ஒரு பொட்டு வைத்து அங்கே ஒட்டிவிட்டால் பின்சுவர் முழுக்கப் பச்சையாகும், வேண்டாத பகுதியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் தோலாக உரிந்து வந்துவிடும். கண்ணாடியில் துளை இல்லை, அதுதான் வித்தியாசம். ஓரம் பெரிய பாறையைத் தொடும் முன் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வைத்ததும் நாலைந்து நாள், சில சமயம் அதற்கு மேலும், திறக்காமல் வெறும் ஊதாத் தோலாகக் கிடக்கும். தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள்.

டோட்ஸ்டூல் லெதர்: அழகுக்கு இது

சார்கோஃபைட்டான் என்ற வகை. தடித்த காம்பு, மேலே மடிப்பு மடிப்பாக ஒரு குடை, குடை முழுக்கப் பாலிப். ஜிஎஸ்பி அளவுக்கு வேகம் இல்லை என்றாலும் நல்ல டேங்க்கில் மாதத்துக்கு மாதம் வித்தியாசம் தெரியும். ஒரே உடம்பாக வளர்வதால் எடுப்பது சுலபம், கல்லோடு தூக்கிவிடலாம், அல்லது வெட்டிவிடலாம். குடை 30 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதை வாங்கும் அன்றே நினைவில் வையுங்கள். கடையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் பார்த்ததற்கு, டேங்க்கில் ஒரு தட்டு அளவு இடம் ஒதுக்க வேண்டும், குடையின் நிழல் விழும் இடத்தில் வேறு எதுவும் நன்றாக வளராது.

இதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது பயந்துபோகும் கட்டம் வரும். ஒரு நாள் பாலிப் எல்லாம் உள்ளே போய்விடும். குடை சுருங்கி, மேல்தோல் மெழுகு பூசியதாக மினுங்கும். மூன்று, நான்கு நாளில் அந்த மினுக்கத்தின் மேல் தூசும் பாசியும் ஒட்டிச் செத்த கோரலாகவே தெரியும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தவர்கள் நிறைய. உண்மையில் அது தோல் உரிக்கிறது. மேலே படிந்த அழுக்கையும் பாசியையும் களைய அது செய்யும் வேலை இது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்து அந்த மெழுகுப் படலம் ஒரு ஓரத்தில் கிளம்பி, ஓட்டத்தில் துண்டு துண்டாகக் கழன்று போகும், அடியில் புதுத் தோல், அதில் பாலிப் ஒவ்வொன்றாக வெளியே வரும், பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. நீங்கள் செய்ய வேண்டியது வேவ்மேக்கரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்புவது மட்டும். உரியும் கட்டத்தையும் சாகும் கட்டத்தையும் காம்பில்தான் பிரித்தறிய வேண்டும்: காம்பு கெட்டியாக நின்றால் உரிக்கிறது, காம்பில் பழுப்பாக ஒரு இடம் இளகி, வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் வந்தால் அந்த இடத்தைத் தாண்டி நல்ல சதையில் வெட்டி, மேல் பாதியைக் காப்பாற்றப் பாருங்கள்.

விரல் விரலாக வளரும் சினுலேரியாவும் இதே குடும்பத்து லெதர்தான், பராமரிப்பும் அதேதான், குடை நிழல் தொல்லை கிடையாது. சின்ன டேங்க்குக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஸீனியா: யோசித்து வாங்குங்கள்

கை விரல்களை மூடித் திறப்பதாகத் துடித்துக்கொண்டே இருக்கும் கோரல் இது. இஸ்ரேலின் எய்லாத்தில் செங்கடல் ஸீனியாவை வைத்து ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. உணவு பிடிப்பதற்காக அது துடிக்கவில்லை, ஒளிச்சேர்க்கையில் உண்டாகித் திசுவில் தேங்கும் ஆக்ஸிஜனை விசிறித் தள்ளத்தான் துடிக்கிறது, அதனால் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்று காட்டினார்கள். கடலில் இரவும் பகலும் துடித்து, மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் மட்டும் ஓய்வெடுக்கும் என்பதும் அதில் உண்டு.

இதில் இரண்டு முனைதான், நடு இல்லை. சில டேங்க்கில் என்ன செய்தாலும் சில வாரத்தில் உருகிவிடும், குறிப்பாக நைட்ரேட் 0-வில் இருக்கும் டேங்க்கில், அல்லது பயணத்தில் நீண்ட நேரம் பையில் இருந்திருந்தால். பிடித்துக்கொண்ட டேங்க்கில் பாறைக்குப் பாறை நடந்து போகும், அடியைச் சுரண்டி எடுத்தாலும் மிஞ்சிய துணுக்கிலிருந்து முளைக்கும், கடைசியில் பாறையையே வெளியே எடுக்க வேண்டி வரும். அதனால் ஜிஎஸ்பிக்குச் சொன்னதே இதற்கும்: தனித் தீவு. அதுவும் ஜிஎஸ்பி தீவுக்கு எதிர் மூலையில். பெருக்க வேண்டும் என்றால் வெட்டவே வேண்டாம், பக்கத்தில் பாறைச் சில்லு ஒன்றை உரசினாற்போல வைத்தால் அதுவாக ஏறிக்கொள்ளும், அப்புறம் நடுவில் ஒரு வெட்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யா ட்ரீ எதிலும் பிழைக்கும், தன் கிளை நுனிகளைத் தானே உதிர்த்துவிடும், உதிர்ந்தது ஓட்டத்தில் போய் எங்கே தங்குகிறதோ அங்கே ஒரு புது மரம். வாரம் ஒரு முறை பொறுக்கி எடுக்கத் தயார் என்றால் வாங்கலாம். க்ளோவ் பாலிப் அழகு, ஜிஎஸ்பியைவிட வேகம் குறைவு, ஆனால் அதுவும் படரும் வகை. கார்னேஷன் என்ற பெயரில் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் டென்ட்ரோநெஃப்தியாவைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குள் பாசியே இல்லை, நாள் முழுக்க மிதக்கும் நுண்ணுணவு வேண்டும், தொடக்க டேங்க்கில் பட்டினியில் மெல்லக் கரைந்துவிடும். அதை விற்பவர் "ஈஸி" என்று சொன்னால் அங்கே வேறு எதையும் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஸோவா வளர்ப்பதற்கு எளிது, நிறங்களுக்கு அளவே இல்லை. ஆனால் அதன் குடும்பத்தில், முக்கியமாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். ஹவாயில் எடுத்த பாலித்தோவாவிலிருந்து 1971-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் வெட்டக் கூடாது, கையில் காயம் இருந்தால் தொடவே கூடாது. ஸோவா ஒட்டிய பாறையை வெந்நீரிலோ கொதிக்கும் நீரிலோ போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முதல் வருடம் ஸோவா இல்லாமலே இருக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

கடையில் பார்க்க வேண்டியது

விலையைக் கேட்கும் முன் ஃப்ராக்கின் (விற்க வெட்டிய கோரல் துண்டின்) அடியைப் பாருங்கள். கோரலின் சதை ப்ளக்கின் (அதை ஒட்டி விற்கும் சின்னக் கல்லின்) மேல் தானாகப் படர்ந்திருந்தால் அது அந்தக் கடை டேங்க்கில் வாரக் கணக்கில் இருந்து பிடித்துக்கொண்டது. ரப்பர் பேண்டோ புதுப் பசையோ தெரிந்தால் நேற்று, முந்தாநாள் வெட்டியது, அதை ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லலாம், நல்ல கடைக்காரர் எடுத்து வைப்பார். ஸீனியா துடிக்கிறதா, ஜிஎஸ்பி திறந்திருக்கிறதா, லெதரின் காம்பு கெட்டியாக நிற்கிறதா பாருங்கள். ப்ளக்கில் பழுப்பு நிறத்தில் மெல்லிய நீண்ட கைகளோடு கண்ணாடி மாதிரி ஒரு அனிமோன் தெரிந்தால் அது ஐப்டேசியா, வேகமாகப் பெருகிக் கோரலைக் கொட்டும் தொல்லை, அந்த டேங்க்கிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாவற்றையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள் இவற்றோடு சேர்த்தார்கள். ஆர்கன் பைப் பார்க்க ஜிஎஸ்பிக்கும் க்ளோவுக்கும் சொந்தம் மாதிரியே இருக்கும், பாலிப்புக்கு அடியில் அடர் சிவப்பில் குழாய் குழாயாக எலும்புக்கூடு தெரிந்தால் அது ஆர்கன் பைப், தொட வேண்டாம். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கடலிலிருந்து எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா. டேங்க்கில் வளர்த்து வெட்டிய ஃப்ராக் கேளுங்கள், பில் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பையை 20 நிமிடம் டேங்க்கில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்யுங்கள். அப்புறம் டேங்க் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பூச்சி போக்கும் கோரல் டிப் மருந்தை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரம் மட்டும் அதில் வைத்து, பைப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சி எல்லா இடுக்கையும் அலசுங்கள். கிண்ணத்தின் அடியில் என்ன விழுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லெதர் என்றால் முட்டை மாதிரி வெள்ளை ஓடும் கறுப்பு உடம்பும் கொண்ட ஒரு நத்தை இருக்கலாம், சார்கோஃபைட்டான்தான் அதன் சாப்பாடு. டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் முடிந்தால் ப்ளக்கை உடைத்தெறிந்துவிட்டு உங்கள் கல்லில் ஒட்டுங்கள். டிப் தண்ணீரையும் பைத் தண்ணீரையும் டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

முதல் வாரம் எந்தக் கோரலானாலும் மணலில், அடியில். லைட்டையும் உங்கள் வழக்கமான அளவைவிடக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றி, கோரலையும் அதன் இடத்துக்கு நகர்த்துங்கள். மொத்தம் 8 முதல் 10 மணி நேர வெளிச்சம் போதும். ஒரு இடத்தில் வைத்தால் அங்கேயே இரண்டு வாரம் விடுங்கள், தினமும் நகர்த்தப்படும் கோரல் எங்கேயும் திறக்காது.

சாஃப்ட் கோரலுக்குக் கல் இல்லை, கொட்டும் சக்தியும் குறைவு, அதனால் ரசாயனத்தால் சண்டை போடும். லெதர்கள் டெர்ப்பீன் வகைப் பொருள்களைத் தண்ணீரில் விட்டு அக்கம்பக்கத்தை வளரவிடாமல் செய்யும். 100 லிட்டரில் ஐந்தாறு வகை வைத்தால் இது தேங்கும், காரணமே தெரியாமல் ஏதாவது ஒன்று மூடிக்கிடக்கும். ஒரு பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, தண்ணீர் அதன் வழியாக ஓடும்படி வைத்து, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். லெதரை வெட்டும் நாளில் புது கார்பன் கட்டாயம்.

வெட்டுவது எப்படி என்றால், டேங்க்குக்கு வெளியே, ஒரு தட்டில், புது பிளேடால் ஒரே இழுப்பில். கையுறை போடுங்கள், நாற்றமும் சளியும் அதிகமாக இருக்கும். குடை ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து, தனிக் கிண்ணத்து உப்புத் தண்ணீரில் சளி போகும் வரை அலசி, சதையின் குறுக்கே ஒரு பல்குச்சியைச் செருகி, குச்சியின் இரு முனையையும் ரப்பர் பேண்டால் கல்லோடு கட்டுங்கள். பேண்டை நேராகச் சதை மேல் போட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு, மூன்று வாரத்தில் கல்லைப் பிடிக்கும். தாய்க் காம்பை முழுக் குடையும் இல்லாமல் விட்டாலும் மறுபடி குடை விடும்.

வரிசை கேட்டால்: முதலில் மஷ்ரூம் ஒன்றிரண்டு, ஒரு மாதம் கழித்துத் தனிக் கல்லில் ஜிஎஸ்பி, அது திறந்து படரத் தொடங்கியதும் சினுலேரியாவோ டோட்ஸ்டூலோ ஒன்று. ஸீனியா வேண்டுமா என்பதை ஆறு மாதம் கழித்து முடிவு செய்யுங்கள். இவ்வளவுக்கே முதல் வருட முடிவில் டேங்க் நிறைந்திருக்கும்.

நிறைந்ததும் வெட்டியது மிஞ்சும். நண்பர்களுக்குக் கொடுங்கள், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், கடலில் மட்டும் விடாதீர்கள், டேங்க் தண்ணீரையும் கடலிலோ கழிமுகத்திலோ ஊற்றாதீர்கள். வெனிசுவேலாவில் மோச்சிமா தேசியப் பூங்காவின் கடலடியில், உனோமியா என்ற துடிக்கும் ஸீனியா வகை ஒன்று பெரும் பரப்பில் படர்ந்து அங்கிருந்த பவளங்களையும் கடற்புல்லையும் மூடிவிட்டது. இந்தோ-பசிபிக்கைச் சேர்ந்த அந்தக் கோரல் அக்வேரியம் வியாபாரத்துக்காக அங்கே விடப்பட்டது என்றுதான் கருதுகிறார்கள். நம் பக்கமே குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி பவளத்தின் மேல் ஏறியிருக்கிறது. யாருக்கும் வேண்டாத துண்டை உப்பில்லாத தண்ணீரில் ஒரு நாள் போட்டுவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஸோவாவாக இருந்தால் தண்ணீரிலும் போட வேண்டாம், காயவும் விட வேண்டாம், கையுறையோடு எடுத்து, ஈரமாகவே இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள்.